கேளுங்கோ, சொல்லுறம்

கேள்வி: மகள் டென்மார்க்கில இருக்கிறா. வாற ஜூலை என்னையும் கிரீன்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறாவாம், ஐஸ்மலையளுக்கு நடுவால போட்டில போய் ஒரு மீன்பிடிக் கிராமம் பாக்கிறதாம். எனக்கு 63 வயசு, குறிகட்டுவானில வள்ளம் ஏறினாலே தலைசுத்தும். போகலாமோ?
– ஒரு அம்மா, சுன்னாகம்

பதில்: போங்கோ அம்மா. நான் போனது இலுலிசாத் டவுணில இருந்து இலிமனாக் எண்ட குட்டி ஊருக்கு, அங்க ஊருக்கு ஊர் றோட் எண்ட கதையே இல்லை, கடல்தான் றோட். அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது, நெடுந்தீவுப் பக்கம் தூக்கிப் போடுற போடுதல் ஒண்டும் இல்லை. ஆனா ஓட்டி எஞ்சினைக் குறைச்சுக் குறைச்சு, சின்னக் கட்டியளை விலத்தி விலத்தித்தான் போனார், பெரிய மலைக்குக் கிட்டப் போகவே மாட்டார். ஏனெண்டா மலையில பத்தில ஒன்பது பங்கு தண்ணிக்குக் கீழ, உருகிப் பாரம் மாறினா சொல்லாமக் கொள்ளாமப் பிரண்டுடும், எழும்புற அலை போட்டைக் கவிழ்க்கும். பெரிசு சிலது, எங்கட வள்ளம் தரைதட்டுறமாதிரி, பனியாறு வந்து விழுற ஒடுங்கின கடல்கழியின்ர வாயில தரைதட்டி நிக்கும் (அந்த இடம் 2004 இல இருந்து யுனெஸ்கோவின்ர உலக மரபுரிமைப் பட்டியலில இருக்கு).

ஊரில இறங்கின உடன மணம்! மயிலிட்டிக் கரையில நிக்கிறமாதிரி. அம்மாசாத் எண்டு நெத்தலியை விடக் கொஞ்சம் பெரிய மீன், வெறும் பாறையில பரப்பிக் காயப்போட்டுக் கிடந்துது, உப்புக்கூட இல்லை, காத்துத்தான் காயவைக்குது, அதை நாயளுக்கும் போடுவினம். வண்டி இழுக்கிற நாயள் சங்கிலியில கிடந்து ஒண்டு ஊளையிட்டா எல்லாம் சேர்ந்து ஊளையிடும், தடவப் போகாதேங்கோ. ஓட்டி ஒரு ஐஸ்கட்டியை உடைச்சுக் கிளாஸ் தண்ணிக்குள்ள போட்டார், சோடா உடைச்சமாதிரிச் சர்ரெண்டு சத்தம், ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி அடைபட்ட காத்தாம் வெளிய வாறது.

குளிரைவிட எனக்கு நுளம்புதான் கரைச்சல், முகத்துக்கு வலை கொண்டுபோங்கோ. ஜூலையில இருட்டே வராது, நித்திரைக்குக் கண்ணைக் கட்டத் துணியும் வேணும். முக்கியம்: சும்மா ஷெங்கன் விசா (கனக்க ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) அங்க செல்லாது, டென்மார்க் விசா எடுக்கேக்க கிரீன்லாந்துக்கும் செல்லும் எண்டு போட்டுத் தரச் சொல்லோணும், இதை மகளிட்ட இப்பவே சொல்லுங்கோ.

கேள்வி: கிரீன்லாந்துச் சனத்தை எஸ்கிமோ எண்டு சொல்லலாமோ?
– மாணவன், கோண்டாவில்

பதில்: வேண்டாம் தம்பி. இனுயிட் சனம், அங்கத்தை ஆக்கள் தங்களைக் கலாலித் எண்டு சொல்லுவினம். நன்றிக்குக் ‘குயனாக்’.