காபிக்கு எழுந்த பதினைந்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

இந்த டிசம்பரில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சேலத்திலிருந்து சென்னைக்குக் கச்சேரி கேட்க வந்திருந்தேன். மொத்தம் ஒன்பது கச்சேரிகள். ஊர் திரும்பும்போது மனம் நிறையவில்லை. எல்லாவற்றையும் இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள். ஒலிபெருக்கியின் இரைச்சலில் தம்புராவின் நாதமே கேட்பதில்லை. முன்வரிசைக்காரர் ஒருவர் தொடக்கத்தில் பாடிய வர்ணம் முழுவதையும் செல்பேசியில் படம்பிடித்தார். நான் அந்த வர்ணத்தை அவருடைய திரையில்தான் பார்த்தேன். மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வழக்கம்போல வெளியே வந்து காபி குடித்தோம். அன்றைய நாளின் சிறந்த பகுதி அதுதான் என்று என் மனைவி கிண்டல் செய்தாள்.

வீட்டில் பழைய ஒலிநாடாக்கள் முந்நூறுக்கு மேல் வைத்திருக்கிறேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அவற்றைக் கேட்கும்போது கிடைக்கும் நிறைவு எந்தச் சபாவிலும் கிடைக்கவில்லை. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964இல் கச்சேரி மேடையையே விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்விட்டாராம். அவர் செய்ததுதான் சரியோ? இன்னொன்று: இப்போது யாரும் ஆல்பம் வெளியிடுவதில்லையே, கலைஞர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

கே., சேலம்

அன்புள்ள கே.,

கேள்விகளுக்கு விரைவாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரியில் என் மனம் மாட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டரை மணி நேரம் தாராளமாகப் போதும். ஐந்து மணி நேரக் கச்சேரிகளை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் பலர் அவற்றை முழுதாகக் கேட்டவர்கள் அல்லர். இரைச்சலைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். அன்று அதை வீம்பு என்றார்கள், இன்று அந்தப் பிடிவாதக்காரரை நினைத்து ஏங்குகிறோம். செல்பேசிக்காரரின் தோளை அப்போதே தட்டியிருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதி என்ன பயன்?

ஆல்பம் என்கிறீர்கள். கர்நாடக இசையில் ஆல்பம் என்று ஒன்று எப்போது ஐயா இருந்தது? முதலில் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். அதற்குள் தோடி ராகத்தை ஆலாபனை செய்து, கீர்த்தனையும் பாடி, மூச்சும் விட்டுக்கொள்ள வேண்டும். பிறகு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும் எல்.பி. இசைத்தட்டு. அதன் பிறகு ஒலிநாடா. அறுபது நிமிட நாடாவென்றால் பக்கத்துக்கு முப்பது, தொண்ணூறு என்றால் நாற்பத்தைந்து. குறுந்தகட்டில் எழுபத்து நான்கு. ஒவ்வொரு காலத்திலும் செருப்பின் அளவுக்குக் காலை வெட்டிக்கொண்டுதான் நம் வித்வான்கள் பதிவுக் கூடத்துக்குள் போனார்கள். இன்று செருப்பே இல்லை. இணையத்தில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனாலும் யூடியூபில் ஒரு முழுக் கச்சேரியைத் திறந்து கீழே பாருங்கள். தனி ஆவர்த்தனம் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் முடிகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் குறித்து வைத்திருப்பார். மாணவர்களுக்கு உதவட்டும் என்று குறித்திருக்கலாம். ஆனால் அதற்கு நன்றி சொல்கிறவர்களில் பெரும்பாலோர் தாண்டிப் போகிறவர்கள்.

இனி உங்கள் காபிக்கு வருகிறேன்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? இரண்டு மணி நேரமாக எல்லோரையும் தன் பின்னால் வரவைத்த பாடகர் வாயை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போடும் வேலையை ஏற்றுக்கொண்டார். கச்சேரியில் முதன்மைக் கலைஞர் ஊழியக்காரராக ஆகும் நேரம் அது ஒன்றுதான். வயலின்காரரும் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டார். மிருதங்கக்காரர் நான்கு நான்காகப் போகும் சதுஸ்ர நடையில் நிதானமாகத் தொடங்கி, மூன்று மூன்றாகப் போகும் திஸ்ரத்துக்கோ ஐந்து ஐந்தாகப் போகும் கண்டத்துக்கோ மாறினார். கடம் வாங்கிக்கொண்டது. குறைப்பில் இருவரும் ஆவர்த்தனத்தை, அதாவது ஒரு தாளச் சுற்றைப் பாதியாக்கி, அதிலும் பாதியாக்கிப் பேசிக்கொண்டார்கள். பிறகு முடிவு வருகிறது என்று சொல்லும் மோராவைச் சேர்ந்து வாசித்தார்கள். கடைசியில், மூன்று முறை வரும் முடிவுக் கணக்கான கோர்வை. அது முடியும் இடமும் பல்லவி தொடங்கும் இடமான எடுப்பும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக விழும். அந்த நொடியில் பாடகர் பாட்டை எடுப்பார். நீங்கள் கையில் காபி வாசனையோடு திரும்பி வந்து கேட்டது அந்த எடுப்பை மட்டும்தான். கணக்குப் போடாமல் விடையை மட்டும் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் எழுந்து போனவன்தான்.

என் அம்மாவின் தம்பி மிருதங்கம் வாசித்தவர். கும்பகோணம் பக்கம். உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. உங்களுடைய முந்நூறு நாடாக்களில் ஒன்றிரண்டில் அவர் இருக்கலாம், உறையில் பெயர் இருக்காது. எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒரு பாடகிக்கு ஒலிநாடாவில் வாசிக்க அவருக்கு அழைப்பு வந்தது. அறுபது நிமிட நாடா. கல்யாணி ராகத்தில் பெரிய பாட்டு. தனிக்கு நான்கு நிமிடம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஒரு மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த நான்கு நிமிடம்தான். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் அப்பி, உள்ளங்கையால் அடித்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். கொஞ்சம் சுரண்டி எடுப்பார். மறுபடி அடிப்பார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைப்பார். நான் எதிரே உட்கார்ந்து ஆதி தாளம் போட வேண்டும், இரண்டு களை, அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டு மடங்கு நீளம். கணக்குப் பார்த்தால் பதினாறு ஆவர்த்தனம். அதற்குள் திஸ்ரம் தொட்டு, மோரா வைத்து, கோர்வையோடு முடிக்க வேண்டும். பதினேழாவது ஆவர்த்தனத்துக்குள் போய்விட்டால் தன் தலையிலேயே குட்டிக்கொள்வார். கடைசி வாரத்தில் பதினாறில் வந்து நின்றது. அரை மணி நேரம் வாசிக்கக்கூடிய மனிதர், நான்கு நிமிடத்துக்கு அத்தனை மகிழ்ச்சி அடைந்ததை இப்போது நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

நாடா வந்தது. பாடகி பாட்டின் வரியை முடிக்கிறார். உடனே அதே வரியை மறுபடி எடுக்கிறார். நடுவே ஒன்றுமில்லை. தனியை வெட்டிவிட்டிருந்தார்கள். ஆனால் வெட்டியவர் அவசரக்காரர் போலிருக்கிறது. மாமாவின் முதல் தொப்பி அடி மட்டும் உள்ளே தங்கிவிட்டது. ஒரு ‘தொம்’. அவ்வளவுதான். மாமா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். “பார், தனி இருக்கிறது” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சம்பளத்தைக் கேட்டீர்களே, அன்று கையில் கொடுத்த தொகையோடு சரி. ஆல்பத்தின் பொற்காலம் அது.

ஏழெட்டு வருடம் கழித்து, திருச்சியில் அவர் வாசித்த ஒரு கச்சேரிக்குக் கல்லூரி நண்பர்களை அழைத்துப் போனேன். தனி தொடங்கியது. நண்பர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். எனக்கு அந்தக் கணக்கு முழுக்கத் தெரியும். உட்கார்ந்திருந்தால் தாளம் போட்டிருக்கலாம். ஆனால் நண்பர்கள் முன்னால் பட்டிக்காட்டான் போல இருக்க வெட்கம். மாமா தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, “பஜ்ஜி நன்றாக இருந்ததா?” என்று மட்டும் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குப் பசி.

போன ஆவணியில் மாமா காலமானார். மாமி அனுப்பிய பெட்டியில் அந்த நாடா இருந்தது. உங்கள் கடிதம் வந்தது அந்தப் பெட்டி வந்த மறுவாரம்.

கிளென் கூல்டை இங்கே இழுக்காதீர்கள். பெரிய கலைஞர், மறுக்கவில்லை. பியானோவுக்கு முன்னால் அவர் தனியாக உட்கார்ந்தார். எதிரே உட்கார்ந்து அவருக்குத் தாளம் போட யாரும் தேவைப்படவில்லை. எங்கள் மாமாவுக்குத் தேவைப்பட்டது. மிருதங்கத்தை நீங்கள் மட்டும் அலட்சியப்படுத்தவில்லை. சென்னை மியூசிக் அகாடமி ஒரு மிருதங்கக் கலைஞருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுக்க 1966 வரை ஆனது. அந்த முதல் ஆள் மணி ஐயர். அவருக்கே அத்தனை காலம் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் நாடாக்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கேளுங்கள். நானும் இரவில் கேட்கிறேன். ஆனால் அடுத்த மார்கழிக்கு வரும்போது அரங்கில் இடது ஓரமாக, மூன்றாவது நான்காவது வரிசையில் உட்காருங்கள். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை அங்கிருந்து நன்றாகத் தெரியும். தாளம் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் கிழவரின் கையைப் பாருங்கள். அவர் எப்படியும் போட்டுக்கொண்டுதான் இருப்பார். காபியை முன்னதாகவே குடித்துவிடுங்கள். உங்கள் மனைவிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.