மருத்துவ மாணவர்களுக்குப் பொது மருத்துவ ஓபியில் உண்மையில் என்ன கற்றுக்கொள்ளக் கிடைக்கும்?

கேள்வி கேட்டவர் மருத்துவ மாணவர். ஓபி (வெளிநோயாளிகள் பிரிவு) போஸ்டிங்கில் ஒரே கூட்டமும் அவசரமுமாக இருக்கிறது, டாக்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு நாள் முடிந்துவிடுகிறது, வார்டில் இருந்தாலாவது நாலு கேஸ் எடுக்கலாமே, இந்த வாரங்கள் வீண்தானா என்று கேட்டிருக்கிறார்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தால் வீண்தான். எழுந்து வந்தால், வார்டில் எத்தனை மாதம் இருந்தாலும் கிடைக்காதது அங்கே கிடைக்கும். நான் பொது மருத்துவர். பல வருடங்களாக மாணவர்களை வைத்துக்கொண்டு ஓபி பார்க்கிறேன். படிக்கும் காலத்தில் எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. அதை மாற்றியது ஒரு நோயாளி. அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

ஐம்பத்தைந்து வயதை ஒட்டிய அம்மா ஒருவர். மூன்று வகை பிபி மாத்திரை போட்டும் மேல் அளவு 160க்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, "நீ முதல்ல பேசிட்டு வா" என்றார். இருபது நிமிடம் பேசினேன். உப்பு, தூக்கம், குறட்டை, சிறுநீரகம், குடும்பத்தில் யாருக்கு பிபி என்று படித்த வரிசையில் எல்லாம் கேட்டேன். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?" என்றும் கேட்டேன். "இல்லப்பா, பிபி மாத்திரை மட்டும்தான்" என்றார். திரும்பி வந்து, இது மருந்துக்குக் கட்டுப்படாத பிபி, வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும் என்று நீளமாக ஒரு பரிசோதனைப் பட்டியல் சொன்னேன்.

டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார். அவர் கதவிலிருந்து நாற்காலி வரை எப்படி நடந்து வந்தார் என்பதை நான் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்தார். அவர் உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "முட்டி வலிக்கு என்னம்மா பண்றீங்க?"

"அதுக்குக் கடையில வாங்கி தினம் ரெண்டு போட்டுக்குவேன் டாக்டர். அது இல்லேன்னா எந்திரிக்கவே முடியாது."

வலி மாத்திரை. அந்த வகை மாத்திரைகள் பல உடலில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும். பிபி மருந்துகள் சிலவற்றின் வேலையையும் கெடுக்கும். பரீட்சையில் கேட்டிருந்தால் இதை நான் சரியாகவே எழுதியிருப்பேன். ஆனால் அந்த அம்மாவுக்கு அது மருந்துக் கணக்கிலேயே வரவில்லை. அவருக்கு மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்தது. நான் என் கணக்கில் கேட்டேன், அவர் தன் கணக்கில் பதில் சொன்னார்.

வார்டில் இது நடப்பது குறைவு. அங்கே நீங்கள் போய்ப் பார்ப்பதற்குள் நோய்க்கு ஒரு பெயர் வந்துவிடும். கேஸ் ஷீட்டில் இருக்கும், பக்கத்துக் கட்டில்காரருக்குக்கூடத் தெரியும். நோயாளி என்னென்ன விழுங்குகிறார் என்பது நர்ஸின் அட்டவணையில் இருக்கும். ஓபிக்கு வருகிறவர் "அசதியா இருக்கு", "தலை சுத்துது", "ராத்திரியானா கால் எரியுது" என்று வருவார். அதற்குப் பெயர் வைப்பதா, பெயர் வைக்காமல் இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பதா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். இந்தப் பொறுத்துப் பார்க்கும் வித்தையை வார்டில் கற்றுக்கொள்ளவே முடியாது.

1961ல் கெர் வைட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் கோளாறு வருகிறது. அதில் 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். மருத்துவமனையில் சேர்கிறவர்கள் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறவர் ஒரே ஒருவர். நாம் ஐந்தாறு வருடம் அந்த ஒருவரைப் பார்த்தே மருத்துவம் படிக்கிறோம். படித்து முடித்து உட்கார்ந்ததும் நம் முன்னால் வருகிறவர்களோ அந்த 250 பேர்.

சரி, அங்கே என்ன செய்வது? முதல் வேலை, பேச விடுவது. 1975ல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வு முழுக்க மருத்துவ ஓபியைப் பற்றியது. புதிதாக வந்த 80 நோயாளிகளில் 66 பேருக்கு, அனுப்பிய டாக்டரின் கடிதத்தையும் நோயாளி சொன்ன வரலாற்றையும் வைத்துச் சொன்ன நோயே கடைசி முடிவாகவும் இருந்தது. உடலைத் தொட்டுப் பரிசோதித்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு, பரிசோதனைக்கூட முடிவுகளால் இன்னொரு 7 பேருக்கு. பிறகு எத்தனையோ ஸ்கேன்கள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் எந்த ஸ்கேன் என்று முடிவு செய்யவே நோயாளி பேசியாக வேண்டும்.

நாம் பேச விடுகிறோமா? பெக்மேன், ஃபிராங்கல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984ல் வெளியிட்ட ஆய்வுக்காக அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டார்கள். டாக்டர்கள் சராசரியாக 18 நொடியில் குறுக்கிட்டிருந்தார்கள். "விட்டால் பேசிக்கொண்டே போவார்கள்" என்று என் மாணவர்கள் பயப்படுவதுண்டு. அதற்கு விடை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஓபியிலிருந்து 2002ல் வந்தது. 335 நோயாளிகளை, தாங்களாக நிறுத்தும்வரை குறுக்கிடாமல் பேச விட்டார்கள். சராசரி 92 நொடி. ஐந்தில் நாலு பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களே நிறுத்திக்கொண்டார்கள். என் ஓபியில் மாணவர்களுக்கு இது ஒன்றுதான் கண்டிப்பான விதி: முதல் இரண்டு நிமிடம் தலையாட்டலாம், "அப்புறம்?" என்று கேட்கலாம், வேறு எதுவும் கேட்கக் கூடாது. அந்த இரண்டு நிமிடத்தில் அவர் உட்கார்ந்திருக்கும் விதம், மூச்சு, கை நடுக்கம், கூட வந்தவரை அவர் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்பதெல்லாம் கண்ணில் படும்.

அடுத்தது, உங்கள் கருத்தைச் சொல்வது. பல மாணவர்கள் ஹிஸ்டரியைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். பிறகு என்ன என்பதை டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த இடத்தில்தான் படிப்பு நின்றுபோகிறது. தப்பாக இருந்தாலும் "எனக்கு இதுதான் என்று தோன்றுகிறது, இந்தக் காரணத்தால்" என்று சொல்லுங்கள். ஓபியில் கற்பிப்பதற்கென்றே 1992ல் நெஹரும் சகாக்களும் எழுதிய 'ஒரு நிமிட ஆசிரியர்' முறை இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆசிரியர் முதலில் மாணவரிடமிருந்து ஒரு முடிவை வாங்க வேண்டும், ஏன் என்று கேட்க வேண்டும், அதை ஒட்டி ஒரே ஒரு பொது விஷயத்தைச் சொல்லித் தர வேண்டும், சரியாகச் செய்ததைச் சொல்ல வேண்டும், தவறியதைத் திருத்த வேண்டும். உங்கள் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே தொடங்குங்கள். முட்டி வலி அம்மாவின் விஷயத்தில் நான் தப்பான முடிவையாவது சொன்னேன். அதனால்தான் திருத்தம் இத்தனை வருடம் நினைவில் நிற்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் அது இன்னொரு நோயாளியாகப் போயிருக்கும்.

கேஸை நோயாளி முன்னாலேயே சொல்லச் சொல்வது என் வழக்கம். முதலில் நோயாளியிடம் "இவர் மாணவர், இவர் முதல்ல உங்ககிட்ட பேசலாமா?" என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும். பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். மாணவர் சொல்லும்போது, "அப்படி இல்ல தம்பி, வலி வந்தப்புறம்தான் வாந்தி" என்று அவரே திருத்துவார். எந்த ஆசிரியராலும் இவ்வளவு துல்லியமாகத் திருத்த முடியாது.

கைவேலை என்று பார்த்தால், பிபி பார்ப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை இதய மட்டத்தில் தாங்கி, பேச்சுக் கொடுக்காமல் பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத பிபி இருப்பதாகக் காட்டும். தலை சுற்றுகிறது என்று வரும் வயதானவரை எழுந்து நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், அவர் மாத்திரைச் சீட்டைத்தான் முதலில் படிக்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று 10 கிராம் இழையால் (அந்த அளவு அழுத்தத்தில் வளையும் நைலான் இழை) தொட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். கூட்டமான ஓபியில் டாக்டருக்கு நேரமில்லாமல் விட்டுப்போகும் வேலைகள் இவை. நீங்கள் செய்தால் நோயாளிக்கும் நேரடியாகப் பயன்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது. அன்று அந்த அம்மா கிளம்பியதும் டாக்டர் என்னிடம், "அவங்க ஆறு வாரம் கழிச்சு வருவாங்க. அன்னைக்கு நீ இங்க இருக்கணும்" என்றார். அதற்குள் என் போஸ்டிங் வேறு துறைக்கு மாறிவிட்டது. அனுமதி கேட்டு வந்தேன். வலி மாத்திரையை நிறுத்தியிருந்தார். பிபி 138. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முகத்தில் அது இல்லை. "பிபி குறைஞ்சது சரிப்பா, ஆனா மாடி ஏற முடியல. ஆறு வாரமா கீழ்வீட்டோடயே கிடக்கேன்" என்றார்.

நான் பிபியைப் பார்த்தேன், அவர் முட்டியோடு வாழ்ந்தார். தொடை தசைக்குப் பயிற்சி, மேலே தடவும் வலி மருந்து, எடையைக் கொஞ்சம் குறைப்பது என்று அன்றுதான் அவருடைய உண்மையான வைத்தியம் தொடங்கியது. முதல் சந்திப்போடு என் தொடர்பு முடிந்திருந்தால், நான் ஒரு நல்ல தீர்வைக் கண்ட இடத்தில் இருந்தேன் என்றே நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

துறைக்கு இத்தனை வாரம் என்று பிரித்துக் கொடுக்கும் படிப்பு முறையில் இந்த இரண்டாவது சந்திப்பு தப்பிப்போகிறது. மாணவரிடம் சில நோயாளிகளை ஒப்படைத்து, மாதக்கணக்கில் அவர்களோடேயே போக வைக்கும் திட்டங்கள் சில இடங்களில் உண்டு. ஹார்வர்டு மருத்துவப் பள்ளி மாணவர்களுக்காக அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் 2004ல் தொடங்கியது அப்படிப்பட்ட ஒன்று. உங்கள் கல்லூரியில் அது இருக்காது என்றே வைத்துக்கொள்வோம்.

அதனால் டாக்டரிடம் பெரிதாக எதையும் கேட்க வேண்டாம். "ஒரு நாளைக்கு ஒரு நோயாளியை நான் முதலில் பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவிலும் இதை மறுக்கிறவர்கள் குறைவு, ஏனென்றால் நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவர் மூன்று பேரைப் பார்த்துவிடுவார். நோயாளியிடம் மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் கொடுத்தது எல்லாம் சேர்த்து. அவர் கிளம்பும்போது, மாத்திரையை எப்படிப் போடப் போகிறார் என்று அவர் வாயாலேயே ஒருமுறை சொல்ல வையுங்கள். அப்புறம் அவர் சீட்டில் அடுத்து வர வேண்டிய தேதி எழுதியிருக்கும். பெயரை எழுதாமல் அந்தத் தேதியையும் அவர் சொன்ன முதல் வாக்கியத்தையும் மட்டும் உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டு, எந்தப் போஸ்டிங்கில் இருந்தாலும் அன்று ஓபி வாசலுக்கு வந்துவிடுங்கள்.