ஃபோர் வீல் விளக்கு மின்னினால் மாட்யூல் போய்விட்டதா?

கேள்வி: நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்ன காபித் தோட்டம் இருக்கிறது. எட்டு வருடமாக ஒரு டீசல் பிக்கப் வைத்திருக்கிறோம், டாஷ்போர்டில் ஸ்விட்சைத் திருகி ஃபோர் வீல் போடுகிற வண்டி. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஃபோர் வீல் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. ஸ்விட்சைத் திருப்பினால் சில நாள் விழுகிறது, பல நாள் விழுவதில்லை. சேலத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, ஃபோர் வீலை இயக்குகிற கன்ட்ரோல் மாட்யூல் (சின்ன கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, மாற்ற அரை லட்சத்துக்குப் பக்கம் ஆகும் என்றார்கள். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்பு. அதற்குள் மாற்றிவிடட்டுமா ஐயா?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். மழையில் தொடங்கியது, சில நாள் விழுகிறது, பல நாள் விழவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாட்யூலுக்குள் ஈயப் பற்று விட்டாலும் இப்படி ஆகும், மறுக்கவில்லை. ஆனால் மழையோடு சேர்ந்து வருகிற கோளாறு என்றால் நான் முதலில் ஒயரையும் கப்ளரையும் எர்த்தையும்தான் பார்ப்பேன்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஒர்க்ஷாப்பில் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது. நீங்கள் திருகுகிற ஸ்விட்ச் நேராக எதையும் இயக்குவதில்லை, மாட்யூலிடம் கேட்கிறது, அவ்வளவுதான். மாட்யூல் வண்டியின் வேகத்தைப் பார்க்கும், ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு ஓடுகிற நிலை) என்றால் வண்டி நின்றிருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா அல்லது கிளட்ச் மிதித்திருக்கிறதா என்று பார்க்கும், எல்லாம் சரியென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்புகிற பெட்டி) மேல் இருக்கிற சின்ன மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும். மோட்டார் எந்த இடத்துக்கு வந்து நிற்கிறது என்பதை அதனுள்ளேயே இருக்கும் சென்சார் திருப்பிச் சொல்லும். முன் ஆக்ஸிலை இணைக்கிற இடத்திலும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு பல வண்டிகளில் உண்டு. கேட்ட வேலை முடிந்ததாகப் பதில் வரவில்லை என்றால் மாட்யூல் விளக்கை மின்ன வைக்கும். அந்த மின்னல் மாட்யூல் பிழைத்திருப்பதற்குக்கூட அடையாளமாக இருக்கலாம்.

போன வருடம் செம்மநத்தம் பக்கத்தில் நண்பர் ஒருவரின் தோட்டத்து வண்டிக்கும் இதே தொல்லை. முன் கண்ணாடிக்கு அடியில் வைப்பர் இருக்கிற பள்ளத்தைக் கையால் துழாவினேன். சில்வர் ஓக் சருகு மக்கி, காபிச் சக்கை மாதிரி கறுப்பாக இரண்டு கைப்பிடி வந்தது. தண்ணீர் இறங்குகிற ஓட்டை அதில் அடைபட்டு, மழைத் தண்ணீர் காற்று உள்ளே வருகிற வழியாக டாஷ்போர்டுக்குள் இறங்கியிருந்தது. இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் தரை விரிப்பைத் தூக்கினால் ஈரம், மேலே மாட்யூலின் கப்ளர். அதைக் கழற்றிப் பார்த்தால் புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தில் இருக்குமே, அதே பச்சைக் களிம்பு, ஒரே ஒரு பின்னில். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, அரித்துப்போன அந்த ஒரு பின்னை மட்டும் மாற்றினோம். அன்று சாயந்திரமே ஃபோர் வீல் விழுந்தது, இன்றுவரை விளக்கு மின்னவில்லை. உங்கள் மாட்யூல் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை, வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் சருகை முதலில் எடுங்கள், அதற்குக் காசே வேண்டாம். தோட்டத்து ஷெட்டில் நிற்கிற வண்டி என்பதால் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும், என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. வோல்டேஜ் குறைந்தால் நல்ல மாட்யூலும் உளறும், ஸ்கேனரில் சம்பந்தமில்லாத கோளாறு எண்கள் (கோடு) எல்லாம் வரும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்ல வேண்டாம், மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த்துக்கும் அப்படித்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை மாட்யூலின் எர்த் பின்னிலும் வைத்து, ஒருவர் ஸ்விட்சைத் திருகும்போது படிக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

அப்புறம் மோட்டார். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சேறும் தண்ணீரும் பட்டு மோட்டார் இறுகிப்போனால் வழக்கத்தைவிட அதிகக் கரன்ட் இழுக்கும், அந்தச் சுமை தாங்காமல் மாட்யூலுக்குள் மோட்டாருக்குக் கரன்ட் விடுகிற டிரைவர் சிப்போ ரிலேயோ எரிந்துபோகலாம். அப்படிப் போன மாட்யூலைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டி, இறுகின மோட்டாரை அப்படியே விட்டால், புதுசும் அதே வழியில் போகும். அதனால் மாட்யூல் கெட்டது என்பது உண்மையாகவே இருந்தாலும் மோட்டாரைச் சோதிக்காமல் புதுசைப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடாதீர்கள். ஃபியூஸ் வைத்த ஒயரில் நேராக 12 வோல்ட் கொடுத்தால் மோட்டார் தடையில்லாமல் நகர வேண்டும், எந்த இரண்டு பின் என்பது அந்த வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்துத்தான். சரியான பின் தெரியாமல் கொடுத்தால் சென்சார் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை, மலையில் இருப்பதால் உங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஹையிலிருந்து லோவுக்குப் போகும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவில் நியூட்ரலைத் தாண்டித்தான் போகிறது. மோட்டார் பாதியில் அங்கே நின்றுவிட்டால், கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகே யாரும் அடியில் போக வேண்டும்.

சரி, இத்தனையும் நன்றாக இருக்கிறது, மாட்யூலுக்குக் கரன்ட்டும் எர்த்தும் வருகிறது, கேன் ஒயர்கள் (வண்டியின் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற ஒயர்கள்) இரண்டுக்கும் நடுவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் அளவுக்குக் காட்டுகிறது, அப்படியும் ஸ்கேனரால் அந்த மாட்யூலோடு பேச முடியவில்லை என்றால் மாற்றுங்கள், தயங்க வேண்டாம். ஸ்டிக்கரில் இருக்கிற பாகம் எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். மாட்டும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட வேண்டும். பல வண்டிகளில் மாட்டினால் மட்டும் போதாது, அந்த வண்டிக்குரிய கோடிங்கை ஸ்கேனரில் ஏற்ற வேண்டும், அந்த வசதி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்னரே கேளுங்கள். பழைய மாட்யூலையும், வந்த கோடுகள் எழுதிய தாளையும், பாகம் எண் போட்ட பில்லையும் கையோடு வாங்கி வாருங்கள்.

அதுவரை வண்டி டூ ஹையில் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண நிலை) நிற்கிறது என்றால் சேலத்துக்குக் காபி மூட்டை ஏற்றிப் போகத் தடையில்லை. ஃபோர் லோவில் மாட்டிக்கொண்டால் மட்டும் ரோட்டில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் என் பிக்கப்புக்குப் பழைய மாட்யூல் ஒன்று கிடைக்கிறது, விலை பாதிகூட இல்லை. வாங்கலாமா?
- ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: பாகம் எண் ஒத்துப்போனால் வாங்கலாம், ஆனால் வாங்கும் முன்னரே உங்கள் ஸ்கேனர்காரரிடம், வேறு வண்டியில் இருந்த மாட்யூலை இந்த வண்டிக்கு மாற்றி எழுத முடியுமா என்று கேட்டுவிடுங்கள். சில மாட்யூல்கள் ஒரு தடவை ஒரு வண்டியின் எண்ணைப் பதிந்துகொண்டால் அடுத்த வண்டியில் வேலை செய்யாது. பின்களில் களிம்போ, பெட்டியின் மூலையில் தண்ணீர்த் தடமோ தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: பனியும் மழையுமாக இருக்கும்போது அடிவாரத்திலிருந்தே ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கிற நிலை) போட்டு ஏற்காடு ஏறுகிறேன். மேலே போனதும் டூ ஹைக்கு மாற்றினால் விளக்கு மின்னுகிறது, உடனே விடுபடுவதில்லை. இதுவும் மாட்யூல் கோளாறா?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: பெரும்பாலும் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. உங்கள் மாதிரி வண்டிகளில் ஃபோர் ஹை போட்டால் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும், அந்த வித்தியாசத்தை டயர் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். மண்ணில் வழுக்கும், பிடிப்புள்ள தார் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவிலும் அது முறுக்காக ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனமாகியிருக்குமே, கவனித்தீர்களா? மேலே போனதும் நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், முறுக்கு விட்டு டூ ஹை விழுந்துவிடும். தார் ரோட்டில் டூ ஹையிலேயே ஏறுங்கள், மண் பாதையில் மட்டும் ஃபோர் ஹை போடுங்கள். மழைக்காலம் போன பிறகும் மாதம் ஒரு தடவையாவது மண்ணில் போட்டு எடுத்தால் மோட்டார் இறுகாமல் இருக்கும். நான்கு டயரும் ஒரே அளவாக, ஒரே தேய்மானத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டு மட்டும் புதுசாகப் போட்டிருந்தால் இந்த முறுக்கு நேர் ரோட்டிலும் ஏறும்.