குளச்சல் போர்க் கதையில் அவன் சாக வேண்டுமா?

கேள்வி: குளச்சல் போரை வைத்து நாவல் எழுதுகிறேன். கடற்கரைப் பெண் ஒருத்தி, அவளை விரும்பும் ஊர்ப் பையன், கப்பலில் வந்த டச்சுச் சிப்பாய். கடைசிச் சண்டையில் சிப்பாய் குண்டுபட்டுச் சாகிறான். படித்தவர்கள் முடிவு சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். எப்படி மாற்றுவது?
- வாசகி, தக்கலை

பதில்: சிப்பாயை உயிரோடு விடுங்கள். குண்டு வந்து சிக்கலைத் தீர்த்துவிட்டால் உங்கள் கதாநாயகிக்கு முடிவெடுக்கும் வேலையே இல்லை.

குளச்சலில் நடந்ததே உங்களுக்குத் தோதாக இருக்கிறது. 1741 ஆகஸ்ட் 10-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுப்படை தோற்றது. பிடிபட்டவர்களில் டிலனாய் என்பவர் உட்படச் சிலர் அந்த ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்தார்கள். டிலனாய் பெரிய படைத்தலைவராகி, 1777-ல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறைக் கல்வெட்டில் லத்தீனும் தமிழும் உண்டு. உங்களுக்குப் பக்கந்தானே, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தக் கோட்டையை அவருடைய மேற்பார்வையில்தான் புதுப்பித்தார்கள். உங்கள் ஊர்ப் பையன் அங்கே கல் சுமக்கப் போகட்டும். வேலை ஏவுகிறவன் யார் என்று பார்த்தால், கரையில் இவன் எதிர்த்து நின்ற அதே சிப்பாய், இப்போது ராஜாவின் சம்பளத்தில். ஜெயித்தவன் தலையில் சுமை, தோற்றவன் கையில் அதிகாரம். அவளுடைய சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சண்டையை நாவலின் பாதியிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம், அவளும் சிப்பாயும் எந்த மொழியில் பேசினார்கள்? உங்கள் சுருக்கத்தில் அது இல்லை. கரையோரத்தில் அன்று பலருக்கும் பழகியிருந்தது கொச்சைப் போர்த்துகீசியம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களும் அதைப் பேசினார்கள். டச்சுக் கம்பெனியில் எல்லோரும் டச்சுக்காரர்களும் அல்ல. டிலனாயே இன்றைய பிரான்சிலுள்ள அராஸில் பிறந்த கத்தோலிக்கர். உங்கள் சிப்பாயும் கத்தோலிக்கனாக இருந்தால், சவேரியார் காலத்திலிருந்தே கிறிஸ்தவ வேதத்தில் இருக்கிற கடற்கரைக் குடும்பம் அவனை வெறும் எதிரியாக மட்டும் பார்க்குமா? கோயில் முற்றத்தில் அவன் முழங்காலிட்டுச் செபம் சொல்வதை அவளுடைய அம்மை பார்க்கிற ஒரு காட்சி போதும், பையனுக்கு வயிற்றில் புளி கரைய.

போர் நடந்தது ஆடியில் என்பதையும் மறக்க வேண்டாம். இந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கிற காலம். கப்பலிலிருந்து ஆளோ அரிசியோ இறக்குவது லேசல்ல. வள்ளங்களும் கரையேறிக் கிடக்கும். மீன்பாடு இல்லாத வீட்டிலும் பட்டினி, டச்சுக்காரர்கள் கரையில் போட்ட மரவேலிக்குள் அடைபட்ட சிப்பாய்க்கும் பட்டினி. நிலாவையும் அலையையும் குறைத்துக்கொண்டு, அவள் வீட்டுக் கஞ்சியில் ஒரு பங்கு யாருக்குப் போகிறது என்று எழுதுங்கள். காதல் தானாகத் தெரியும். மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்து நின்று எதிரியை மிரட்டினார்கள் என்பது செவிவழிக் கதைதான். நாவலுக்கு அது போதும். பையனை அந்த வரிசையில் நிறுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களில் சில திருத்தங்கள். அவள் சிப்பாய்க்கு மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் கொடுக்க முடியாது. மரச்சீனி இங்கே பரவியது திருவிதாங்கூர் ராஜா விசாகம் திருநாள் காலத்தில், 1880-களில். ரப்பர் தோட்டம் அதற்கும் பிந்தியது. பத்மநாபபுரம் என்ற பெயர் 1744-ல் வந்தது, அதுவரை கல்குளம். சாயா (டீ) குடிக்கிற இடத்தையும் எடுத்துவிடுங்கள், அதுவும் பிற்காலத்து வழக்கம்.