கேஷுவாலிட்டியில் அம்மா சொன்ன பத்து வருஷம்

தம்பி, சோழிங்கநல்லூர் வேலையை விட்டுவிட்டு நியூஜெர்சி வந்து நாலு மாதம் ஆகிறது, வில்லிவாக்கத்தில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள், அவர்களுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுப்பதா, இல்லை அந்தப் பிரீமியத்தைப் பேங்கில் போட்டு வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இன்சூரன்ஸ் எடுங்கள். பேங்கிலும் கொஞ்சம் போடுங்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் பழைய கம்பெனி குரூப் பாலிசியில் அப்பா அம்மாவையும் சேர்த்திருந்தீர்கள் அல்லவா? நீங்கள் ரிலீவ் ஆனபோதே அதுவும் போயிருக்கும். அம்மா அந்த அட்டையை இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார். இன்று ஒன்று ஆனால் அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுவார். இந்த வார இறுதியிலேயே புதுப் பாலிசி வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

நான் அமெரிக்கா வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இதையெல்லாம் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2022 டிசம்பரில், சென்னையில் விடியற்காலை நாலரை, எனக்கு முந்தின நாள் மாலை ஆறு. நங்கநல்லூர் வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஞ்சியோ பார்த்ததில் மூன்று அடைப்பு, பைபாஸ்தான் என்றார்கள். உடனே இரண்டு லட்சம் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். என் சென்னை பேங்க் அக்கவுண்டில் பணம் இருந்தது. ஆனால் ஓடிபி பழைய சென்னை நம்பருக்குத்தான் போகும். ரீசார்ஜ் பண்ணாமல் அந்த சிம் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைசியில் அக்கா வீட்டுக்காரர் தாம்பரத்திலிருந்து பைக்கில் வந்து தன் கிரெடிட் கார்டைத் தேய்த்தார். அதனால்தான் பேங்கிலும் போடுங்கள் என்கிறேன். உங்கள் பெயரில் வேண்டாம். அம்மா ஏடிஎம் கார்டு வைத்திருக்கும் அக்கவுண்டில் இரண்டு மூன்று லட்சம் இருக்கட்டும்.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். அஞ்சு லட்சத்துக்கு 2020 ஜனவரியில் எடுத்த பாலிசி. ஒரு வருஷம்கூடப் பிரீமியம் தவறவில்லை. கேஷ்லெஸ் கேட்டு, அதாவது பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டும்படி, மருத்துவமனை பேப்பர் அனுப்பியது. மறுநாள் பதில் வந்தது: நோயாளிக்குப் பத்து வருஷமாக பிபி இருக்கிறது, பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டீர்கள், கேஷ்லெஸ் கிடையாது.

அப்பாவுக்கு பிபி என்று முதலில் சொன்னதே 2021 ஆகஸ்டில்தான். இந்தப் பத்து வருஷம் எங்கிருந்து வந்தது? கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் “பிபி எத்தனை நாளா இருக்கும்மா?” என்று கேட்டிருக்கிறார். “அது இருக்குங்க, ஒரு பத்து வருஷமா” என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டான். ஏம்மா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். “கூட்டிச் சொன்னாத்தானே டாக்டர் அக்கறையா பார்ப்பார்” என்றார். அவரை என்ன சொல்ல?

அந்த ஒரு வரியைச் சரிசெய்ய ஒன்பது மாதம் ஆனது. மொத்த பில் 5,20,000 ரூபாய். முழுக்க நாங்களே கட்டினோம். பிறகு கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டோம், அதையும் நிராகரித்தார்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம், அதே பதில் திரும்பி வந்தது. கடைசியில் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நடுவர், அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இப்போது 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுக்கிறார்கள். முதலில் கம்பெனிக்கு எழுதி, அவர்கள் மறுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு மாதம் பதில் இல்லாமல் இருக்க வேண்டும். மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு துண்டுச் சீட்டு. அம்மா எல்லா மருந்துச் சீட்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைப்பார். அதில் தெருமுனை டாக்டர் 2021 ஆகஸ்டில் எழுதிய முதல் சீட்டு இருந்தது: 150/100 என்று பிபி அளவு, கீழே ஒரே ஒரு மாத்திரை. பின்பக்கம் அந்த மாதத்துப் பால் கணக்கு. அந்த டாக்டரே லெட்டர்பேடில், இவருக்கு அன்றுதான் முதன்முதலாக பிபி கண்டுபிடித்தேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அப்பாவே நேரில் போய் இரண்டையும் நீட்டினார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

ஆனாலும் கைக்கு வந்தது 3,90,000தான். இதற்கு நானும் ஒரு காரணம். பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. அந்த வாடகையில் அறை காலியில்லை என்றதும், 8,000 ரூபாய் அறையைப் போடுங்கள், வித்தியாசத்தை நான் கொடுக்கிறேன் என்று போனில் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். ஆறு நாளைக்கு 18,000 போகும், போகட்டும் என்று கணக்குப் போட்டேன். அது அப்படி வேலை செய்வதில்லை. அறை வரம்பைத் தாண்டினால் சர்ஜன் கட்டணம், தியேட்டர் வாடகை, நர்சிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அந்த வகையில் வந்த 2,40,000க்கு எட்டில் அஞ்சு பங்கு, 1,50,000தான் கொடுத்தார்கள். அந்த 18,000 போக, இன்னும் 90,000 போச்சு. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கிடையாது, அதுவரை பிழைத்தோம். மீதி 22,000 கையுறை, பஞ்சு மாதிரி சில்லறைச் சாமான்களில் போனது. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் அறை வாடகைக்கு வரம்பில்லாத பாலிசியாகப் பாருங்கள். கோ-பே, அதாவது ஒவ்வொரு பில்லிலும் நாம் கட்ட வேண்டிய பங்கு, எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள்; வயதானவர்கள் பாலிசியில் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் காலத்தைவிட இப்போது விதிகள் பரவாயில்லை. 2024லிருந்து 65 வயதுக்கு மேல் பாலிசி தர மாட்டோம் என்ற தடை போய்விட்டது. முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத ஆரம்ப காலம், அதிகபட்சம் மூன்று வருஷம். அஞ்சு வருஷம் விடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்துவிட்டாய் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது. கேஷ்லெஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. முன்பு 18 சதவீதம் அழுதுகொண்டிருந்தோம்.

விண்ணப்பத்தை மட்டும் ஆன்லைனில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை, இல்லை’ என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். சுகர் எல்லாம் போட வேண்டாம் சார் என்று சொல்லும் ஏஜென்டிடம் அதற்குமேல் பேசவே வேண்டாம். வீடியோ காலில் அப்பாவை மாத்திரைப் பட்டை ஒவ்வொன்றையும் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். எது எதற்கு, எந்த மாதம் ஆரம்பித்தது என்று கேட்டு எழுதுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும். அம்மாவின் பழைய சீட்டுகளையும் போட்டோ எடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பால் கணக்கோடு சேர்த்து.

அவர்களை இங்கேயே கூட்டி வந்துவிட்டால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். வரட்டும், ஆறு மாதம் இருக்கட்டும். ஆனால் விசிட்டர் இன்சூரன்ஸ் பழைய நோய்க்குப் பெரும்பாலும் கை கொடுக்காது. சென்னை பாலிசியை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. அக்கா லேமினேட் பண்ணி, ஒன்றை அம்மா கைப்பையிலும் ஒன்றை ஃபிரிட்ஜ் கதவிலும் வைத்திருக்கிறாள். பாலிசி நம்பர், அக்கா வீட்டுக்காரர் நம்பர், எந்த மாத்திரை எந்தத் தேதியிலிருந்து என்று எல்லாம் இருக்கிறது. கடைசி வரி அம்மாவுக்காகவே பெரிய எழுத்தில்: “டாக்டர் கேட்டால் இந்த அட்டையைக் கொடு. நீயாக எதுவும் சொல்லாதே.” போன தீபாவளிக்குப் போனபோது அம்மா அதன்மேல் பால்காரர் நம்பரையும் எழுதி ஒட்டி வைத்திருந்தார்.