கேள்வி – பதில்: பழைய அமெரிக்கப் பேனாக்கத்திகள்

பண்டாரவளையில் பழைய சாமான் கடையொன்றில் மூன்று அலகுள்ள பேனாக்கத்தி வாங்கினேன். பெரிய அலகின் அடியில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ் மேட் இன் யூ.எஸ்.ஏ.', அதற்குக் கீழே ஆறு புள்ளிகள். 6347 என்ற எண்ணும் உண்டு. எந்த ஆண்டுக் கத்தி? (வாசகர், ஹட்டன்)

1974. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனம் 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் போட்டது. ஆண்டுக்கொன்றாகக் குறைத்து, 1979இல் ஒரு புள்ளியில் வந்து நின்றது. யூ.எஸ்.ஏ. இருந்து புள்ளி இல்லையென்றால் 1965–69.

எண்ணில் 6 எலும்புப் பிடி, 3 அலகுகளின் எண்ணிக்கை, 47 மாதிரி. ஆனால் அந்தக் காலத்தில் 6 போட்ட சில கத்திகளுக்கு டெல்ரின் பிளாஸ்டிக் பிடியும் பூட்டினார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எலும்பென்றால் நுண்துளைகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. வடு விழுந்துவிடும், வேண்டாம்.

அலகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். அடிப்பகுதி அகலமாக நிற்க, வெட்டும் விளிம்பு மட்டும் உள்வாங்கியிருந்தால் அது தீட்டித் தீட்டிக் கரைந்தது. தேயிலைக் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்படிப்பட்டதற்கு முழு அலகின் விலை கொடுக்காதீர்கள்.

எண்ணெய் பூசித்தான் தகரப் பெட்டியில் வைத்தேன். ஆமையோட்டு நிறப் பிடியுள்ள கத்தியும் பக்கத்தில் இருந்தவையும் துருப்பிடித்துவிட்டன. பனியா காரணம்? (வாசகி, நுவரெலியா)

பனியும் ஈரமும் ஒரு பங்கு. ஆனால் அந்தப் பிடியை முகர்ந்து பாருங்கள். கற்பூர வாடையோ புளித்த நெடியோ அடித்தால் அது செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். சிதையும்போது அமில ஆவி விடும். ஆணிகள் பச்சை பூக்கும், அடுத்த கத்திகளையும் அரிக்கும். இதற்கு மருந்தில்லை. அதைத் தனியே, காற்றாட வையுங்கள். பொலித்தீன் பையில் மூடினால் ஆவி உள்ளேயே தங்கிவிடும். எளிதில் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மற்றவற்றைத் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஈரம் இழுக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

செங்கல் தூளும் தேசிக்காயும் போட்டுத் தேய்க்கலாமா? (வாசகர், தலவாக்கலை)

கூடாது. புளிப்பு எஃகைத் தின்னும். செங்கல் தூள் முத்திரையை மழுக்கும். சிவந்த துருவின்மேல் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் அந்த இடத்தை மட்டும் ஒற்றித் தேயுங்கள். சாம்பல் நீலக் கறை துருவல்ல, அதைத் தொடாதீர்கள். பளபளவென்று மெருகேற்றிய பழைய கத்தியைச் சேகரிப்பவர்கள் பாதி விலைக்குக்கூட யோசிப்பார்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி அலகு மடங்கும் இடத்தை இறுக்கிவிடும்.