பிடித்த காதல் நகைச்சுவைப் படத்தின் திரைக்கதையைப் புத்தகமாகப் படிப்பதில் என்ன இருக்கிறது?

திரைக்கதை என்பது, திரையில் காணவும் கேட்கவும் போவதைக் காட்சி காட்சியாக எழுதிய பிரதி. மட்டக்களப்பில் கூத்துக் கொப்பியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: தருக்கள் எனும் பாட்டுகளும் வசனங்களும் கொப்பியில் இருக்கும், மத்தளமும் சதங்கையும் ஆட்டமும் களரி எனும் ஆடுகளத்தில்தான் சேரும்.

காதல் நகைச்சுவையில் சிரிப்பு பெரும்பாலும் சொற்களின் ஒழுங்கிலிருந்து பிறக்கிறது. நடிகரின் முகமும் இசையும் விலகியதும், எந்தச் சொல்லைக் கடைசிக்குத் தள்ளியதால் சிரித்தோம், எந்த இடத்தில் இருவரும் காதலைச் சொல்லாமல் விழுங்கினார்கள் என்பதெல்லாம் தாளில் தெளிவாகத் தெரியும். எனக்கு மிகப் பிடித்தவை அந்த மௌனங்கள். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம் என்பது ஹொலிவூட் கணக்கு. ஆகவே முழுவதையும் வாசித்து முடிக்க வாவிக்கரையில் ஒரு மாலை போதும்.

படத்தில் இல்லாத காட்சி புத்தகத்தில் இருந்தால் அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்: சில பதிப்புகள் படப்பிடிப்புக்கு முந்திய பிரதியையே அச்சிடுகின்றன.